கை பார்த்துக் கொடுத்த மாவு

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது என்று கோவில்பிள்ளை சொன்னார் சாமி. உண்மைதான். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இந்த முட்டிவலியோடு வரிசையில் நிற்பதென்றால் நான் வந்திருக்கவே மாட்டேன். நடுவில் கொஞ்சம் கை ஊன்றி அசைந்து உட்கார்ந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பிரிஸ்கில்லா. உப்பளத்தில் சொல்தா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நாளைக்கு எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். ஞானத்தாயாக நிற்கிறவர்கள் முந்தின நாளே பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும் என்று போன ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னீர்கள். நான் சொன்னதைச் செய்கிற ஆள். இங்கே சொல்வது இந்தத் தட்டியைத் தாண்டிப் போகாது என்பதும் எனக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை சாமி. சில பொய்கள். அப்புறம் கொஞ்சம் மாவை வீணாக்கினேன். ஆனால் நீங்கள் பங்குக்குப் புதியவர். முன்கதை தெரியாமல் கேட்டால் மாவை வீணாக்கியதை எதற்கு இவ்வளவு நேரம் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள்.

எங்கள் அம்மா போனபோது என் தம்பி விக்டருக்கு எட்டு வயது. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது நான்தான். எனக்கு வந்த வரன்களை நானே வேண்டாம் என்றேன். இவனை யார் பார்ப்பார்கள்? தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன், காலம் போய்விட்டது. இதை ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவன் ஹேமலதாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். வில்லியனூர்ப் பக்கம் கிராமம், விவசாயக் குடும்பம், இந்துக்கள். அவள் நம் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டதும் அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அப்பா, அம்மா, அண்ணன் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. போக்கிடம் இல்லாத பெண். அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிரிஸ்கில்லா மாதிரி நாத்தனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

அவளிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். அவள் வந்த நாள் முதல் வீட்டில் இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. நான் அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்புப் போட்டுக் கரைத்தால் மார்கழி மாதம் போலக் கம்மென்று கிடக்கும். அவள் கை பட்டால் போதும். எதிர்வீட்டுக்காரி தன் மாவையே தூக்கிக்கொண்டு வந்து, "ஹேமா, நீ ஒரு கை கலக்கிக் குடேன்" என்று நிற்பாள். கைவாகு என்கிறார்களே, அது. நானும் எல்லோரோடும் சேர்ந்து புகழ்ந்தேன்.

எங்கள் அம்மா கிறிஸ்துமஸுக்குக் கள் ஊற்றிப் புளிக்கவைத்து ரொட்டி சுடுவாள். மேலே மொறுமொறுவென்று, உள்ளே புளிப்பாக. விக்டர் அந்த ரொட்டியைப் பற்றிப் பேசாத கிறிஸ்துமஸே கிடையாது. நான் எத்தனையோ தடவை செய்து பார்த்தேன், செங்கல்தான் வந்தது. கம்பெனியில் யாரோ சொன்னார்கள் என்று அவன் வீட்டுக்கு ஒரு ஓவன் வாங்கிவந்தான். அப்போது ஹேமலதாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, இரண்டு மாதம். அவள்தான் விசாரித்தாள்: முத்தியால்பேட்டையில் பிரகாசம் என்று ஒரு பழைய ரொட்டிக்காரர், பிரெஞ்சுக்காரன் காலத்து அடுப்பிலிருந்து அவர் அப்பா காப்பாற்றிவந்த தாய் மாவை வைத்திருக்கிறார், வீட்டில் ரொட்டி சுடுகிறவர்களுக்கு அதில் ஒரு கரண்டி விற்கிறார். வெள்ளைக்காரர்கள்கூடத் தேடிப்போய் வாங்குகிறார்களாம். தினமும் கொஞ்சம் மைதாவும் தண்ணீரும் போட்டு வளர்த்தால் அது சாகாது, ஈஸ்ட்டே வேண்டாம் என்றாள்.

இரண்டு பேரும் போனோம். பிரகாசத்திடம் ஒரு வழக்கம் உண்டு சாமி. கேட்டதும் மாவைத் தரமாட்டார். கை பார்ப்பார். வாங்க வந்தவர்கள் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, அதில் ஒரு சிட்டிகைத் தாய் மாவு, மைதா, தண்ணீர் விட்டு, வெறும் விரலால் பிசையச் சொல்வார். மூடிவைத்துவிட்டு, "போயிட்டு சாயங்காலமா வாங்க" என்பார். பொங்கியிருந்தால்தான் விற்பார். யாருக்கும் இல்லையென்று சொன்னதாகத் தெரியவில்லை, வியாபாரத் தந்திரம்தான். ஆனால் அன்றைக்கு அவர் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பிப் போனோம். ஹேமலதாவின் கிண்ணம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. என் கிண்ணத்தில் நான் வைத்துவிட்டுப் போன விரல் தடம் அப்படியே இருந்தது. கடையில் வேறு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"இந்தப் பொண்ணு கை உசுருள்ள கைம்மா," என்றார் பிரகாசம். என் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி எல்லோர் எதிரிலும் சிரித்தார். "உங்க கைக்கு இது மசியாது. புள்ள பெத்த கை, இல்ல பெறப்போற கை, அதுங்களுக்குத்தான் இது பொங்கும். கன்னியாஸ்திரி கையா இருந்தா அப்படியே ஜபம் பண்ணிக்கிட்டு உக்காந்துக்கும்."

கேலிதான். அவர் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார். ஹேமலதா சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவள் என் தோளைத் தொட்டு, "பரவால்லக்கா, நான் பெசஞ்சு தரேன், நீங்க சுடுங்க" என்றாள். என் வீட்டில், என் அம்மாவின் ரொட்டியை நான் சுடுவதற்கு அவள் எனக்கு அனுமதி கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது மாவு ஜாடியை என் மடியில்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அது லேசாகச் சூடாக இருந்தது.

அடுத்த வாரமே அவள் ரொட்டி சுட்டாள். விக்டர் ஷிப்ட் முடிந்து வந்தான், ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான், மெல்லாமல் அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர். "அக்கா, அம்மா சுட்ட மாதிரியே கீது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாவு ஒட்டிய அந்தக் கையை. அவனை எடுத்து வளர்த்த கை பக்கத்திலேயே இருந்தது சாமி, கரித்துணியைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன் என்று சொல்லமாட்டேன். தீர்மானம் என்று எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. அதை அகலமான குண்டானில் ஊற்றி, தாய் மாவு ஜாடியை அதற்குள் இறக்கினேன். அதற்கு முன்பே ஒரு கரண்டி மாவைத் தனியாக எடுத்து வேறொரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். நல்ல பொருளை முழுசாக வீணாக்க எனக்கு மனசு வராது. அப்புறம் சூடு சமமாகப் பரவட்டும் என்று அடிவரை கிளறிக்கொண்டே ஜெபமாலையின் துக்க தேவ ரகசியங்களைச் சொல்லி முடித்தேன். கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது, பச்சைத்தண்ணீர் விட்டுக் கரைத்தேன். ஜாடியைத் துடைத்து அவள் வைத்த இடத்திலேயே வைத்தேன். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அவள் அதற்குச் சோறு போட்டாள். அப்படித்தான் சொல்வாள், மைதா போடுவதை. மறுநாளும் போட்டாள். மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்பாள். விக்டரின் பழைய லுங்கியைச் சுற்றி வெயில் படும் இடத்தில் வைத்தாள். "இன்னாக்கா ஆச்சு இதுக்கு, நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு" என்று என்னைத்தான் கேட்டாள். புது மைதாவின் வீரியத்தில் எப்போதாவது ஒரு குமிழி எட்டிப்பார்க்கும். அன்றைக்கு மறுபடி கஞ்சி.

நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான். "சில பேருக்கு வயித்துல புள்ள தங்குறப்ப கை மாறிடும் ஹேமா. மனச விட்டுடாத." ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் பிரகாசத்திடம் ஓடினாள். பிரகாசம் ஜாடியை மோந்து பார்த்துவிட்டு, "எங்கப்பா காலத்துலருந்து சாவாதது உன் கையில செத்துச்சாம்மா" என்று கேட்டாராம். பாவம், ஆச்சரியத்தில் கேட்டிருப்பார். புது மாவு கொடுத்தார். அதுவும் எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று நாள்தான் இருந்தது.

நாலாம் மாதம் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. அதை நான் செய்யவில்லை சாமி. அப்படி எதையும் நான் அவள் சாப்பாட்டில் கலக்கவில்லை, என் அம்மா ஆணையாக. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினது நான், இரத்தத்தைத் துடைத்தது நான். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "இது நெறைய பேருக்கு நடக்கறதுதாம்மா, யார் மேலயும் தப்பு இல்ல." ஹேமலதா தலையாட்டினாள். டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கையாலயா?" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அவள் தலையைக் கோதிவிட்டேன். "அத நெனைக்காத. இனிமே தூங்கறப்ப வயித்து மேல கைய வெச்சுக்கற பழக்கத்த மட்டும் வுட்டுடு" என்றேன். அவ்வளவுதான். அவளே கேட்ட கேள்விக்கு அவளே பதில் வைத்திருந்தாள். நான் அதைப் பிடுங்கவில்லை, அவ்வளவே.

உங்கள் மூச்சு எனக்குக் கேட்கிறது. ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், இன்னும் கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அப்போதுதான் என் டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். அந்த ஒரு கரண்டியை நான் என் பெட்டிக்குப் பின்னால் வைத்து வளர்த்திருந்தேன். என் கையால் தினமும் மைதா போட்டேன், தண்ணீர் விட்டேன். பிரகாசம் பெரிதாகச் சிரித்தாரே, அதே மாவு என் கையில் டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. முதல் தடவை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். எனக்கும் பொங்கும் சாமி. எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை, அதனால் அதுவரை பொங்கவில்லை.

"இது நீ வாங்கியாந்த மாவுதான். ஒரு கரண்டி எடுத்து வெச்சிருந்தேன்" என்று அவளிடம் உண்மையையே சொன்னேன். அவள் டப்பாவையும் என்னையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ மாவுல தப்பு இல்ல" என்றாள். "இல்ல" என்றேன். கிறிஸ்துமஸுக்கு நான் ரொட்டி சுட்டேன். விக்டர் சாப்பிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வரவில்லை, பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதால் இருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. அவள் இட்லி மாவு கரைத்தபோது இரண்டு தடவை கஞ்சியில் இறக்கினேன்; மூன்றாவது தடவை அவளே, "நீங்க கரைச்சிடுங்கக்கா" என்றாள். அவள் நட்ட கறிவேப்பிலைக் கன்றின் வேரில் கொஞ்சம் கஞ்சி. அது பட்டுப்போனதும் எதிர்வீட்டுக்காரி தன் மாவைத் தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தெருவில் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஹேமலதா பூ வாங்கினால் நூலைப் பிடித்துத் தூக்குவாள், பூவைத் தொடமாட்டாள். விக்டர் கத்தினான். "பைத்தியமா நீ? மாவு பொங்கலன்னா கையாடி காரணம்?" என்றான். ஆண்பிள்ளை, அவனுக்கு இதெல்லாம் விளங்காது. அவன் கத்தக் கத்த அவள் என் பக்கம்தான் வந்து ஒட்டிக்கொண்டாள். என்னைவிட்டால் அவளுக்கு யார்?

மறு வருஷம் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை சொன்னதைக் கேட்டாள். வயிற்றில் கை வைக்கவேயில்லை. தூங்கும்போது கை தன்னையறியாமல் போய்விடும் என்று தலையணை உறையை இரண்டு கைக்கும் மாட்டிக் கட்டச் சொன்னாள். கட்டிவிட்டேன். அவளாகக் கேட்டாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் எனக்குத் தெரியாமல் முத்தியால்பேட்டைக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாத வயிற்றோடு வாசலிலிருந்தே ஓடிவந்தாள். "அக்கா, பொங்கிச்சுக்கா! பிரகாசம் தாத்தா கிண்ணம் குடுத்தாரு, பெசஞ்சேன், அங்கியே உக்காந்துகினு பாத்தேன், வழிஞ்சி கீழ ஊத்திச்சுக்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் கை ஒரு மனுஷரைத் தானாகப் பிடித்தது. மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது சாமி. எல்லாம் போய்விடும் போல இருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் குழந்தை பிறக்கும், அந்தக் கைகள் அதை வாரி எடுத்துக்கொள்ளும், விக்டர் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நான் கரித்துணியோடு நிற்பேன்.

"நீ கிண்ணத்தையே பாத்துக்கினு இருந்தியா? நடுவுல எழுந்து போவலியா?" என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்கு மட்டும் போனேன்."

"அதான். மனுஷன் நல்லவரு. புள்ளத்தாச்சி அழுவக் கூடாதுன்னு கிண்ணத்த மாத்தி வெச்சிருக்காரு."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து போக ரொம்ப நேரம் எடுத்தது. அப்புறம் என் கையை விட்டாள். விட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உங்களத் தொட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பெண்குழந்தை. சுகப்பிரசவம். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது ஹேமலதா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட குடுங்க" என்றாள். நான் வாங்கினேன். அந்தக் கனம் இருக்கிறதே சாமி, அதை என்னால் சொல்ல முடியாது. என் தம்பியை நான் எடுத்து வளர்த்தபோது அவன் எட்டு வயதுப் பிள்ளை. இது என் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரைக்கும்தான் இருந்தது.

பால் கொடுக்கும்போது குழந்தையை நான்தான் அவள் மார்பில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணீர் குழந்தையின் நெற்றியில் விழாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். விக்டர் அதை ஒரு நாள் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். டாக்டரிடம் கூட்டிப்போனான். பிள்ளை பெற்றபின் சிலருக்கு இப்படி மனசு உடைந்துபோகும், குணமாகும், வீட்டில் அன்பாகப் பேசுங்கள் என்றார்கள். நான் அன்பாகத்தான் பேசுகிறேன். மாத்திரை ஆரம்பித்ததும் பாலை நிறுத்திவிட்டோம், இப்போது புட்டிப்பால். அதனால் அவள் குழந்தைப் பக்கம் வர வேண்டிய தேவையும் இல்லை. அறைவாசலில் நின்று பார்ப்பாள். குழந்தைக்கு அபி என்று பெயர் வைக்க ஆசைப்பட்டாள். நாளைக்கு ஆனந்தமேரி என்று வைக்கிறோம், எங்கள் அம்மா பெயர். அவளிடம் கேட்டேன், சரி என்றாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்லாமல் மன்னிப்புக் கொடுக்க முடியாது என்கிறீர்கள். நீங்கள் சின்ன வயது, கோபம் வரும். நானும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் என்ன ஆகும்? முதல் பிள்ளை போனதற்கு அவளுக்கு இப்போது ஒரு காரணமாவது இருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? என்னைத்தான் அவள் நம்புகிறாள். இந்த உலகத்தில் அவள் நம்புகிற ஒரே ஆளையும் அவளிடமிருந்து எடுத்துவிடச் சொல்கிறீர்களா? அவ்வளவு கொடுமை எனக்கு வராது. குழந்தையை எடுத்துக்கொண்டு அவர்கள் தனியாகப் போய்விடுவார்கள் என்று பயந்துதான் மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்றுதான். இன்று மத்தியானம் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் பாவசங்கீர்த்தனம் முழுசாகாது.

விக்டர் நாளைக்கு நாற்காலி சொல்லப் போயிருந்தான். நான் சமையலறையில் இருந்தேன். ரொம்ப நேரமாகக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தேன். ஹேமலதா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், தோல் சிவந்துபோயிருந்தது. அப்புறம் தொட்டிலுக்கு வந்து நின்றாள். மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது, முகத்தில் கொஞ்சம் தெளிவு. குழந்தை அவளைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தது. அஞ்சு மாசம், இப்போதெல்லாம் முகம் தெரிகிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டது. என்னை அது அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஹேமலதா குனிந்தாள். அவள் விரல் துணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ எடுத்துக்கட்டுமா? நாளைக்கு கோவில்ல எல்லாரும் பாப்பாங்க. அம்மாவா ஒரு தடவ..."

"உன் புள்ளடி. என்ன எதுக்குக் கேக்குற? எடுத்துக்கோ," என்றேன். "காலையிலருந்து ஒடம்பு லேசா சுடுது, அத மட்டும் பாத்துக்கோ."

அவள் கை அப்படியே நின்றது. மெல்லப் பின்னால் போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்காமல், சுவரோரமாக நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை கையை நீட்டிக்கொண்டே அழுதது. நான் போய் எடுத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு உடம்பு சுடவில்லை சாமி. அது பொய், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி நான் அவளை ஒரு நாளும் தடுத்ததில்லை. இன்றைக்கும் எடுத்துக்கோ என்றுதான் சொன்னேன்.